"நைஸ்" என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும்: மதுரை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், என் வீட்டு மாடியில் மாலை ஆறரை மணிக்கு ஆங்கில வகுப்பு தொடங்கும். வெளிநாட்டவருக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள், சுங்குடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்கள், நர்ஸிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள், ஜூனியர் வக்கீல்கள், மகன் வீட்டுக்கு விமானம் ஏறப்போகும் தாய்மார்கள் என்று பல வயதினரும் வருகிறார்கள். முதல் நாள் எல்லோருக்கும் ஒரே வேலைதான். இன்று பார்த்ததையோ சாப்பிட்டதையோ பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்ல வேண்டும். கோபுரம் நைஸ், ஜிகர்தண்டா நைஸ், சேலை நைஸ், மாமியார் நைஸ் என்று வரிசையாகப் பதில் வரும். அந்த ஒரு சொல்லைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், நைஸ் என்றால் தமிழில் என்ன?

ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் "இனிய" என்பேன். ஆளைப் பற்றிச் சொன்னால் பண்பாகப் பழகுகிறவர் என்று பொருள். பொருளைப் பற்றிச் சொன்னால் பார்க்கவோ சாப்பிடவோ தொடவோ நன்றாக இருக்கிறது என்று பொருள். செயலைப் பற்றிச் சொன்னால், செய்தவருக்கு நல்ல மனது என்று பொருள். இந்த மூன்றுக்கும் பொதுவாக இருப்பது, பேசுகிறவருக்கு அது பிடித்திருக்கிறது என்பதுதான். ஏன் பிடித்தது என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே விடை இருக்கிறது.

நம் வீட்டில் "நைசாக அரை" என்கிறோமே, அதுவும் இந்த நைஸ்தானா?

சொல் அதுதான், பொருள் வேறு. தமிழுக்குள் வந்த பிறகு நைஸ் தனியாக ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கிறது. "தேங்காயை நைசாக அரைக்கவும்" என்று பத்திரிகைச் சமையல் குறிப்புகளில் வருகிறது. அங்கே திப்பி இல்லாமல், மாவாக என்று பொருள். "நைஸ் துணி" என்று ஜவுளிக் கடையில் சொல்வது வழவழப்பை. "கேள்வி கேட்டதும் நைசாக நழுவினார்" என்றால் சந்தடி இல்லாமல் என்று பொருள். "நைசாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான்" என்றால் தந்திரம்.

இவற்றில் ஒன்றுகூட இன்றைய ஆங்கிலத்தில் நைஸ் இல்லை. மாவுக்கு ஃபைன், துணிக்கு ஸ்மூத், நழுவியவருக்கு குவயட்லி, பேசி ஏமாற்றியவருக்கு ஸ்லை. சமையலறையில் ஒரு ஆங்கிலேயரிடம் "கிரைண்ட் இட் நைஸ்லி" என்று சொன்னால், நன்றாக அரைக்கச் சொல்கிறீர்கள் என்று மட்டும் அவருக்குப் புரியும், எவ்வளவு மசிய வேண்டும் என்பது புரியாது. "கிரைண்ட் இட் டு எ ஃபைன் பேஸ்ட்" என்று சொன்னால் சட்னி சரியாக வரும்.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. தமிழில் "நை" என்று ஒரு பழைய வினைச்சொல் இருக்கிறது. நைதல் என்றால் குழைதல், மசிதல், இற்றுப்போதல். நைந்த துணி, நையப் புடைத்தான் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவை. காதுக்கு ஏற்கெனவே பழகிய "நைய" என்ற ஒலியின் மேல் ஆங்கில நைஸ் வந்து உட்கார்ந்ததால்தான் அம்மிக்கும் கிரைண்டருக்கும் அது இவ்வளவு இயல்பாகப் பொருந்திப்போயிருக்க வேண்டும். ஆகையால் தமிழில் நைசாக அரைப்பதைத் தவறு என்று யாராவது திருத்தினால் கேட்க வேண்டாம். தமிழ் பேசும்போது அது தமிழ்ச் சொல். ஆங்கிலம் பேசும்போது மட்டும் கவனம் தேவை.

ஒரு காலத்தில் இது வசைச்சொல்லாக இருந்ததாமே?

ஆமாம், உண்மைதான். லத்தீனில் "நெஸ்கியுஸ்" என்று ஒரு சொல். அறிதல் என்ற பொருளுடைய வேரோடு எதிர்மறை முன்னொட்டு சேர்ந்தது. அறியாதவன் என்று பொருள். அதே அறிதல் வேரிலிருந்துதான் சயன்ஸ் என்ற சொல்லும் வந்தது. ஒரே வேரிலிருந்து ஒரு கிளை அறிவுக்கும் மறு கிளை அறியாமைக்கும் போனது.

பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் மூடத்தனமான என்று பொருள். பிறகு எதற்கும் முகம் சுளிக்கிற, எளிதில் திருப்தி அடையாத என்று ஆனது. அப்படிப்பட்டவர் எதையும் நுணுக்கமாகத்தான் பார்ப்பார், ஆகவே 16ஆம் நூற்றாண்டில் நுட்பமான, துல்லியமான என்ற பொருள் வந்தது. நுட்பமாகத் தேர்ந்தெடுத்த பொருள் நன்றாகத்தானே இருக்கும்? 18ஆம் நூற்றாண்டில் இனிய என்ற பொருள் வந்து சேர்ந்தது. அன்பான மனிதர் என்ற பொருள் அதற்கும் பிந்தியது.

இதைக் கேட்டு வகுப்பில் வியப்பவர்களிடம் நம் "நாற்றம்" என்ற சொல்லை நினைவுபடுத்துவேன். பழந்தமிழில் பூவின் மணத்துக்கு அதுதான் பெயர். இன்று மல்லிகைச் சரத்தை முகர்ந்துவிட்டு நாற்றம் என்று சொன்னால் பூக்காரம்மா மறுநாள் பூ தர மாட்டார். நாற்றம் கீழே இறங்கியது, நைஸ் மேலே ஏறியது. ஆங்கிலத்திலேயே இப்படி இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. பிரிட்டி என்றால் முதலில் தந்திரமான என்று பொருள், இன்று அழகான. சில்லி என்றால் முதலில் பேறுபெற்ற என்று பொருள், இன்று அசட்டுத்தனமான. சொற்களுக்கும் விதி உண்டு என்று ஒரு மாணவி சொன்னாள். அந்த வாக்கியத்தை அன்று பலகையில் எழுதினேன்.

நான் உயர் நீதிமன்றக் கிளையில் ஜூனியராக இருக்கிறேன். சீனியர் ஒரு வாதத்தை "எ நைஸ் பாயின்ட் ஆஃப் லா" என்றார். பாராட்டினாரா?

2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்த பிறகு என் வகுப்புக்கு வக்கீல்களும் வரத் தொடங்கினார்கள், அவர்களோடு இந்தக் கேள்வியும் வந்தது. உங்கள் சீனியர் சொன்னது பழைய பொருள். நுட்பமான, எளிதில் முடிவு சொல்ல முடியாத சட்டக் கேள்வி என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பொருள்களுக்கு இடையே மயிரிழை வேறுபாடு இருந்தால் அதை நைஸ் டிஸ்டிங்ஷன் என்பார்கள். நீதிமன்றத்திலும் பழைய பாணி எழுத்திலும் மட்டும் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நைசிட்டி என்ற பெயர்ச்சொல்லும் அதன் மிச்சம்தான், நுணுக்கம் என்று பொருள். இனிமையைக் குறிக்கும் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் அது நைஸ்னஸ்.

நைஸுக்கும் குட்டுக்கும் என்ன வேறுபாடு?

குட் என்பது தரத்தையும் திறமையையும் ஒழுக்கத்தையும் சொல்லும். நைஸ் என்பது பழகும் விதத்தைச் சொல்லும். "குட் டாக்டர்" நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பார். "நைஸ் டாக்டர்" சிரித்த முகத்தோடு கேட்பார். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் நம் பாக்கியம். நேர்காணலில் உங்களைப் பற்றி "ஐ ஆம் எ நைஸ் நர்ஸ்" என்று சொல்லாதீர்கள். ஊசி போடத் தெரியுமா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"நல்ல வெயில்" என்பதை "குட் சன்" என்றோ "நைஸ் சன்" என்றோ சொல்லலாமா?

சித்திரை மாத மதுரையில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால், வெயில் சுகமாக இருக்கிறது என்று எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். நம் "நல்ல" இரண்டு வேலை செய்கிறது. நல்ல மனிதர் என்னும்போது குணத்தைச் சொல்கிறது. நல்ல வெயில், நல்ல பசி, நல்ல அடி என்னும்போது அளவைச் சொல்கிறது. அளவைச் சொல்லும் "நல்ல" வரும் இடத்தில் ஆங்கிலத்தில் வேறு வழி பார்க்க வேண்டும். "இட் இஸ் வெரி ஹாட்", "ஐ ஆம் ரியலி ஹங்க்ரி". நல்ல பாம்பைச் சொல்லவே வேண்டாம், அது கோப்ரா.

ஆனால் ஆங்கிலத்தில் இதற்குக் கொஞ்சம் நெருங்கி வரும் ஒரு வழக்கும் உண்டு. "நைஸ் அண்ட் ஹாட்" என்று சொன்னால் வேண்டிய அளவு சூடு, அது நமக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள். "தி காஃபி இஸ் நைஸ் அண்ட் ஹாட்" என்று காபிக்குச் சொல்லலாம். நைஸ் அண்ட் வார்ம், நைஸ் அண்ட் குவயட், நைஸ் அண்ட் ஈஸி என்று இதே அச்சில் நிறைய வரும். சுடச்சுட, இளஞ்சூடாக, அமைதியாக என்று தமிழில் நாம் ரசித்துச் சொல்லும் தொனி அதில் இருக்கிறது. அளவு பிடித்தமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தொண்டை வறண்டு நிற்கும் நண்பகலுக்கு இது பொருந்தாது.

ஃபைன் என்றாலும் நன்று என்றுதானே பொருள்? பிறகு ஏன் அபராதத்தையும் ஃபைன் என்கிறோம்?

இரண்டும் "முடிவு" என்ற பொருளுடைய ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிரிந்தவை. ஒரு வேலையை முடிவு வரை, உச்சம் வரை கொண்டுபோனால் அது ஃபைன், அதாவது நேர்த்தி. ஒரு வழக்கைப் பணம் கட்டி முடிவுக்குக் கொண்டுவந்தால் அந்தப் பணமும் ஃபைன்.

பயன்பாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. விருந்தினரிடம் காபி வேண்டுமா என்று கேட்டதற்கு "ஐ ஆம் ஃபைன்" என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று பொருள். என் மாணவி ஒருத்தி அதை "நலமாக இருக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு மூன்று முறை டம்ளரை நீட்டியிருக்கிறாள். வற்புறுத்திக் கொடுப்பது நம் ஊர் உபசாரம், அதில் தவறில்லை. ஆனால் அவர் மறுத்துவிட்டார் என்பது தெரிந்த பிறகு வற்புறுத்துவது வேறு.

இன்னொன்று: சமைத்ததைப் பற்றி "இட் இஸ் ஃபைன்" என்று யாராவது சொன்னால் மகிழ வேண்டாம். பரவாயில்லை என்கிறார். "இட் இஸ் நைஸ்" அதைவிட ஒரு படி மேல்.

நைஸுக்குப் பதிலாக வேறு என்னென்ன சொற்கள் இருக்கின்றன?

நிறைய இருக்கின்றன. அகராதியில் ஒரே வரியில் கமா போட்டு அடுக்கியிருப்பார்கள். அப்படி மனப்பாடம் செய்வது வீண். ஒவ்வொன்றுக்கும் வேறு சுபாவம்.

ப்ளெசன்ட் என்பது இதமான. காற்று, மாலை நேரம், பயணம், குரல் ஆகியவற்றுக்குப் பொருந்தும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் படியில் உட்கார்ந்தால் கிடைப்பது ப்ளெசன்ட். நைஸைவிட இது கொஞ்சம் அமைதியான சொல், எழுத்துக்கும் ஏற்றது.

லவ்லி என்பதில் பேசுகிறவரின் அன்பு கலந்திருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். மீதிச் சில்லறை கொடுத்தால்கூட லவ்லி என்பார்கள். அதைக் காதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், நன்றி என்பது போன்ற ஒரு சொல் அங்கே.

டிலைட்ஃபுல் உள்ளம் துள்ளும் இன்பம். குழந்தையின் பேச்சு டிலைட்ஃபுல். தினமும் சாப்பிடும் இட்லிக்கு அது அதிகம்.

ஸ்வீட் என்று மனிதரைச் சொன்னால் கனிவானவர். இந்தச் சொல்லும் சமஸ்கிருதத்தில் சுவையான என்று பொருள்படும் "சுவாது"வும் ஒரே மூதாதைச் சொல்லின் வாரிசுகள். வயதில் மூத்த ஆணிடம், குறிப்பாக அலுவலகத்தில், இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

கைண்ட், பொலைட் ஆகிய இரண்டைப் பற்றி நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் இவற்றைத்தான் அதிகமாகக் குழப்புகிறோம். கைண்ட் என்பது கின், அதாவது சுற்றம் என்ற சொல்லோடு உறவுடையது. முன்பின் தெரியாதவரையும் தன் சுற்றத்தாராக நினைத்து நடத்துவதுதான் கைண்ட். பொலைட் என்பது மெருகேற்றுதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது, மேற்பரப்பின் பளபளப்பு அது. மரியாதைக்குரிய சொற்களைச் சரியாகப் பேசிவிட்டு உதவி செய்யாமல் போகிறவர் பொலைட். கடுகடுவென்று பேசிவிட்டு, மழையில் நிற்கும் உங்களைத் தன் குடைக்குள் இழுத்துக்கொள்கிறவர் கைண்ட். மதுரையில் இரண்டாவது வகை அதிகம் என்று நான் நம்புகிறேன். நைஸ் என்று சொன்னால் இந்த இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை.

டீசன்ட் என்பதைத் தமிழில் உடையோடும் நடத்தையோடும் சேர்த்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதோடு "போதுமான அளவுக்கு நன்றாக" என்ற பொருளும் உண்டு. டீசன்ட் சாலரி என்றால் கைக்கும் வாய்க்கும் சரியாகப் போய்க் கொஞ்சம் மிஞ்சும் சம்பளம். தகுதியானது, பொருத்தமானது என்பதுதான் வேர்ப்பொருள்.

பேசும்போது நைஸ் மட்டும்தான் வாயில் வருகிறது. சரியான சொல்லை எப்படித் தேடுவது?

முதலில் தமிழில் தேடுங்கள். இதுதான் நான் இத்தனை ஆண்டுகளில் கண்டுபிடித்த ஒரே வழி. ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எது பிடித்தது என்பதையே அவர்கள் இன்னும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அம்மாவுக்கு உதவியாக இருக்கும் ஒரு மாணவி "மதுரை மல்லி இஸ் நைஸ்" என்றாள். ஏன் என்று தமிழிலேயே சொல்லச் சொன்னேன். மொட்டு குண்டாக இருக்கும், இதழ் தடிப்பு, அதனால் வாட நேரமாகும், சாயங்காலம் விரியும்போது வாசனை வீட்டையே நிறைக்கும், வெளியூருக்குப் பார்சல் போட்டாலும் தாங்கும் என்று மூச்சு விடாமல் சொன்னாள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. அதன் பெருமை முழுவதும் அவள் விரல்நுனியில் இருந்தது. இப்போது ஆங்கிலத்துக்குப் போனோம். குண்டு மொட்டு: ப்ளம்ப். தடித்த இதழ்: திக். வாசனை: ஃப்ராக்ரன்ட். வாடாமல் நிற்பது: லாங்-லாஸ்டிங். அன்று மாலை அவள் பேசியதில் நைஸ் ஒருமுறைகூட வரவில்லை. அதைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. இடமே கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுங்குடிக்கும் இப்படித்தான். வாடிக்கையாளரிடம் "வெரி நைஸ் சாரி" என்று பத்துச் சேலைக்கும் சொன்னால் பத்தும் ஒன்றாகிவிடும். துணியைச் சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பதால் புள்ளி விழுகிறது, பருத்தி என்பதால் உடம்பில் உறுத்தாது, கோடைக்குக் குளுமை. ஹேண்ட்-டைட், சாஃப்ட், கூல், லைட் என்று நான்கு சின்னச் சொற்கள் போதும். எல்லாம் எட்டாம் வகுப்புச் சொற்களே.

குடிக்கும் பொருள்களுக்கு இன்னும் எளிது. ஜிகர்தண்டா குடித்தால் ரிஃப்ரெஷிங், பாலும் பாசுந்தியும் சேர்ந்த கனத்துக்கு ரிச். பெயரிலேயே நெஞ்சுக்குக் குளிர்ச்சி என்ற இந்துஸ்தானிச் சொல் இருக்கிறது. சுக்குத் தட்டிப்போட்ட பருத்திப்பால் தொண்டைக்கு சூதிங், வயிற்றுக்கு கம்ஃபர்டிங். இரண்டையும் நைஸ் என்று சொல்லிவிட்டால் சளி பிடித்திருக்கும் பயணி எதைக் குடிப்பார்?

திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை நைஸ் என்று சொல்வதும் அப்படித்தான். 1636இல் எழுந்த அந்த அரண்மனையின் தூணுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது மனம் சிறுத்துப் போகிறது. அந்த உணர்வுக்கு கிராண்ட், மக்னிஃபிசன்ட் ஆகியவை ஏற்றவை. நைஸ் என்பது கைக்கடக்கமான பொருளுக்கு உரிய சொல். ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தை அதற்குள் திணிக்க முடியாது.

அப்படியானால் நைஸைப் பயன்படுத்தவே கூடாதா?

பயன்படுத்தலாம். வணக்கம் சொல்வதும் விடைபெறுவதும் அதில்தான் நடக்கிறது. முதன்முறை சந்திக்கும்போது "நைஸ் டு மீட் யூ", பேசி முடித்துக் கிளம்பும்போது "நைஸ் மீட்டிங் யூ". ஒருவர் செய்த உதவிக்கு "இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்". இங்கே "ஆஃப் யூ" என்பதை "ஃபார் யூ" என்று மாற்றினால், நீங்கள் வந்தது உங்களுக்கே நல்லது என்று பொருள் திரும்பிவிடும்.

ஆனால் எழுத்தில், அதிலும் ஒருவருடைய வாழ்க்கை சார்ந்த எழுத்தில், அதை நம்பாதீர்கள். இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி கல்லூரி உதவித்தொகைக்கு என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். தம்பி தங்கைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவாள், ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. கணக்கில் யாருக்காவது புரியவில்லை என்றால் உணவு இடைவேளையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். நான் எழுதிய கடிதத்தில் "ஷி இஸ் எ வெரி நைஸ் கேர்ள்" என்று இருந்தது. அதற்கு மேல் இரண்டு வாக்கியங்கள், அவற்றிலும் ஒன்றுமில்லை. அவளுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. என் கடிதத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பஸ்களும், தம்பி தங்கைகளும், உணவு இடைவேளைக் கணக்கும் அந்தக் காகிதத்தில் ஏறவே இல்லை என்பது எனக்குத் தெரியும். பங்க்சுவல், ரெஸ்பான்சிபிள், ஜெனரஸ் என்று மூன்று சொற்கள் எனக்குத் தெரிந்தே இருந்தன. நான் தேடவில்லை. அன்றிலிருந்து யாருக்குக் கடிதம் எழுதினாலும் அந்த மூன்று சொற்களையும் முதலில் ஓரத்தில் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

இரங்கல் செய்தியில் "ஹி வாஸ் எ நைஸ் மேன்" என்று எழுதலாமா?

எழுதலாம், தவறில்லை. ஆனால் இறந்தவர் உங்களுக்குச் செய்த ஒன்றை ஒரு வரியில் சொன்னால் அந்தக் குடும்பம் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். சொல் கிடைக்காவிட்டால் கைண்ட் போதும்.

சிலசமயம் "நைஸ்!" என்று சொல்லும்போது திட்டுவதுபோல் இருக்கிறதே?

தொனிதான் காரணம். கண்ணாடி டம்ளர் கைநழுவி உடையும்போது "ஓ, நைஸ்" என்று நீட்டிச் சொன்னால் அது குத்தல். நம் "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்பதும் இதே வேலையைச் செய்யும். "நைஸ் ட்ரை" என்பது தோற்றவருக்கு ஆறுதல், எதிரியிடம் சொன்னால் உன் தந்திரம் பலிக்கவில்லை என்று பொருள். புதிதாகப் பேசுகிறவர்கள் முகத்தில் சிரிப்போடு, சொல்லை நீட்டாமல் சொல்லிவிட்டால் போதும்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியவை ஏதாவது?

நான்கு உண்டு. "மோர் நைசர்" கிடையாது, நைசர் மட்டும் போதும். முகர்தல், தோற்றம், சுவை ஆகியவற்றுக்குப் பிறகு நைஸ் வரும், நைஸ்லி வராது: "தி ஃப்ளவர் ஸ்மெல்ஸ் நைஸ்". பல பெயரடைகள் சேர்ந்து வந்தால் அபிப்பிராயம் முதலில், பிறகு வயது, பிறகு நிறம்: "எ நைஸ் ஓல்ட் ரெட் சாரி". "சிவப்பு நிற நல்ல பழைய சேலை" என்று தமிழில் இடம் மாற்றிப் போடலாம், ஆங்கிலத்தில் முடியாது. கடைசியாக உச்சரிப்பு: இறுதி ஒலி "ஸ்", பாம்பு சீறுவதுபோல. அதை ஆங்கில "இஸட்" போன்ற அதிர்வொலியாக முடித்துவிடாதீர்கள்.

நைஸ் பிஸ்கெட், நைஸ் பாறை எல்லாம் இதே சொல்லா?

பாறை வேறு. யாதவா கல்லூரிப் பக்கமிருந்து வந்த ஒரு தம்பி புவியியல் படிக்கிறான், அவன் கேட்டது. அந்தச் சொல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது, எழுத்தும் வேறு, ஒலி மட்டும் ஒன்று. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, பட்டை பட்டையாகக் கோடு ஓடும் பாறை அது. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அந்த வகைப் பாறை உண்டு. பிரான்ஸில் நம் நைஸ் சொல்லின் அதே எழுத்துகளோடு ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது, அதை நீஸ் என்று சொல்ல வேண்டும். வெற்றி என்று பொருள்படும் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது அது. சர்க்கரை தூவிய பிஸ்கெட்டை நம் ஊரில் எல்லோரும் நைஸ் என்றே கேட்டு வாங்குகிறோம், அப்படியே கேளுங்கள்.

டீச்சர், நான் வழிகாட்டி. "அழகர்" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "தி நைஸ் காட்" என்று சொல்லிப் பார்த்தேன், சரியாக இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நம் ஊரில் தெய்வங்களின் பெயரே அழகைச் சொல்கிறது. மலையில் கள்ளழகர், ஊருக்குள் கூடலழகர், மீனாட்சியோடு சுந்தரேசுவரர். சுந்தரம் என்றாலும் அழகுதான். ஊர்ப்பெயரையும் மதுரம், அதாவது இனிமை என்ற சொல்லோடு சேர்த்து, சிவன் சடையிலிருந்து அமுதத் துளி சிந்திய கதையைச் சொல்கிறோம்.

நைஸ் இங்கே ஏன் பொருந்தவில்லை என்பது உங்கள் காதுக்கே தெரிந்துவிட்டது. அது பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லும் சொல். பிரிட்டி சிறிய அழகு, ஹேண்ட்சம் ஆண்மகனின் தோற்றம், லவ்லி செல்லம். பியூட்டிஃபுல் ஒன்றுதான் அந்தப் பெயரின் கனத்தைத் தாங்கும். ஆனால் "தி பியூட்டிஃபுல்" என்று நிறுத்த முடியாது. ஆங்கிலத்தில் "தி ரிச்", "தி புவர்" என்று சொன்னால் செல்வர்கள், ஏழைகள் என்று ஒரு கூட்டத்தையே குறிக்கும். தமிழில் அழகோடு "அர்" சேர்த்தவுடன் ஒருவர் எழுந்து நிற்கிறார், மரியாதையும் சேர்ந்தே வருகிறது. ஆங்கிலத்தில் அந்த "அர்" வேலையைச் செய்ய "ஒன்" என்ற சொல் வேண்டும்: "தி பியூட்டிஃபுல் ஒன்".

போன சித்திரைத் திருவிழாவில் அந்த வழிகாட்டி ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தோடு விடியலுக்கு முன்பே வைகைக் கரையில் நின்றிருக்கிறார். கூட்டம் அலைமோத, தீவட்டிகளுக்கு நடுவே தங்கக் குதிரை தெரிந்ததும் அந்த வீட்டுச் சிறுமி யார் அது என்று கேட்டிருக்கிறாள். "தி பியூட்டிஃபுல் ஒன்", என்றாராம், "ஹி இஸ் கமிங் டவுன் டு தி ரிவர்".